மேலே வீதி, கீழே வீடு

மாத்தளை மாவட்டத்தின் மலைமுகட்டிலிருந்து அதன் வடக்குச் சமவெளி வரையில் ஒருமுறை நடந்து இறங்கியவர், இலங்கையின் ஈரவலயத்தையும் உலர்வலயத்தையும் இயற்கை இத்தனை சிறிய நிலப்பரப்புக்குள் அடுக்கி வைத்திருப்பதைக் கண்டு வியப்படையாமல் இருக்க முடியாது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவுகளில் பனிமூட்டமும் தேயிலையும், காட்டு மரங்களின் நிழலில் ஏலமும். இரத்தோட்டை, உக்குவெலைப் பக்கங்களில் மிளகும் கராம்பும் கொக்கோவும். நாவுலையைத் தாண்டினால் குளமும் சேனையும் யானைக்காடும். 11 பிரதேச செயலகப் பிரிவுகளாக வகுக்கப்பட்ட இந்த மாவட்டத்திலே, லயங்களில் வாழும் தமிழ்த் தொழிலாளரும், மலையடிவாரத்துச் சிங்களக் கிராமத்தாரும், சந்தைப் பட்டினங்களின் முஸ்லிம் வியாபாரிகளும், அணைகளுக்காக இடம் பெயர்க்கப்பட்டுக் குடியேறியவர்களும் அயலவராக வாழ்கிறார்கள். இவர்களுடைய ஊர்களுக்குள் வீதியும் குடிநீரும் மதகும் மலசலகூடமும் கொண்டு போகும் வேலைகளில், அவற்றால் நிலத்துக்கும் மனிதருக்கும் நேரக்கூடிய தீங்குகளை முன்கூட்டியே கண்டு தடுக்கும் பொறுப்போடு மூன்று தசாப்தங்களுக்கு மேலாக நான் அலைந்திருக்கிறேன்.

அணை, அதிவேக நெடுஞ்சாலை போன்ற பெரிய வேலைகளைப் பற்றி நூல்கள் உண்டு, வழக்குகள் உண்டு, பத்திரிகைகளில் தலையங்கங்களும் உண்டு. ஆனால் தோட்டத்துக்குள் போகும் இரண்டு மைல் கொங்கிரீட் பாதையும், மலையூற்றிலிருந்து சில லயங்களுக்கு இறக்கப்படும் குழாய்நீரும், தோட்டத்துக் குழந்தைகளைப் பராமரிக்கும் ஒரு பிள்ளைக்காம்பராவும் தரும் நன்மை தீமைகளை ஆராய்ந்து எழுதுவார் அரியர். இத்தகைய சிறு வேலைகளோடு வாழ்ந்தவன் என்ற முறையில் நான் கண்ட உண்மை ஒன்றே. மலைநாட்டில் வேலையின் பிரயோசனம் மேலே தங்கிவிடும். அதன் பாரம், மண்ணாகவும் அழுக்கு நீராகவும் நீர்த் தட்டுப்பாடாகவும், கீழே இறங்கும். கீழே இருப்பவரோ, பெரும்பாலும், காணி உறுதி எதுவும் கையில் இல்லாதவராக இருப்பார்.

இது தற்செயலாக நேர்ந்த அமைப்பன்று. கோப்பிக் காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையும் நாலந்தாவும் கடந்து கால்நடையாக வந்த தொழிலாளர் எட்டிய முதல் மலைநாட்டுப் பட்டினம் மாத்தளை. வழியிலேயே மாண்டவர் போக எஞ்சியவருக்குத் தோட்டங்களில் லயம் கட்டப்பட்டபோது, கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் உதவாத நிலமே அதற்கு ஒதுக்கப்பட்டது: ஓடைக்கரை, பள்ளம், பாறைக்குக் கீழான சரிவு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஸ்ரீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு தேசங்களுக்கிடையே பங்கிட்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே எஞ்சியோருடைய பிரஜாவுரிமைப் பிரச்சினைக்கு முடிவு வந்தது. தலைமுறை தலைமுறையாக ஓரிடத்திலே வாழ்ந்தும் அந்த இடத்துக்கு ஒரு துண்டுக் காகிதமேனும் காட்ட இயலாத ஜனங்கள் இவ்வாறு உண்டானார்கள். ஒரு வேலைத் திட்டத்துக்காகப் பாதிக்கப்படுவோர் பட்டியல் எழுதும்போது, காகிதத்தை முதலாவதாகக் கேட்பவர் இவர்களைக் காணவே மாட்டார்.

இந்தத் துறையில் நான் அடியெடுத்து வைத்த காலம் துரித மகாவலித் திட்டத்தின் அலை ஓய்ந்துகொண்டிருந்த காலம். பொல்கொல்லையில் 1976இல் தடுத்துத் திருப்பப்பட்ட மகாவலி நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே உக்குவெலைக்கு வந்து, அங்கே மின்சாரம் பிறப்பித்துவிட்டுச் சுதுகங்கையோடு கலந்து, மாத்தளை நகரத்தின் ஓரமாக ஓடி அம்பன்கங்கையையும் போவத்தென்னை நீர்த்தேக்கத்தையும் அடைகிறது. சுதுகங்கைக் கரையில் வாழ்ந்த முதியோர், தங்கள் பழைய சிற்றாறு ஒருநாள் திடீரெனப் பேராற்றின் கனதி கொண்டதையும், பிள்ளைகள் இறங்கி விளையாடிய துறைகளில் தாய்மார் காவல் நிற்க வேண்டி வந்ததையும் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். வடக்கே ஆயிரக்கணக்கான ஏக்கர் வயல் விளைவதற்கு அந்த நீர் போனது நியாயமே. ஆனால் போகும் வழியில் வாழ்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகும் வழக்கம் அக்காலத்தில் இருக்கவில்லை.

அக்காலத்தின் மிகப் பெரிய பாடம் எங்கள் மாவட்ட எல்லைக்குச் சற்றுக் கிழக்கே, மகியங்கனைக்கு அப்பாலுள்ள தம்பானையிலே கிடைத்தது. மாத்தளை நாட்டிலேயே முற்காலத்தில் வேடர் வாழ்ந்ததை எல்லை கூறும் பழைய சிங்கள ஏடுகள் குறிப்பிடுகின்றன. இன்று அவர்களுடைய பெயர் சொல்லி வாழும் ஊர்களுள் தம்பானை முதன்மையானது. 1983 நவம்பரில் மாதுரு ஓயா தேசிய வனம் பிரகடனப்படுத்தப்பட்டபோது, அவர்கள் வேட்டையாடியும் தேன் எடுத்தும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்த காடு ஒரே நாளில் அவர்களுக்கு விலக்கப்பட்ட இடமாயிற்று. குடும்பங்கள் பல ஹெனானிகலை முதலிய மகாவலிக் குடியேற்றங்களுக்கு நகர்ந்தன. முதிய தலைவர் திசாஹாமியும் அவரைச் சார்ந்த சில குடும்பங்களுமே பெயர மறுத்து அங்கே நிலைத்தனர். அவருடைய மகன் ஊருவரிகே வன்னில அத்தோ 1996இல் ஜெனீவாவுக்குச் சென்று ஐக்கிய நாடுகள் சபையின் பழங்குடியினருக்கான செயற்குழுவின் முன் தம் ஜனங்களின் நிலையை எடுத்துரைத்தார்.

குடியேறியவர்களுக்கு வீடும் வயலும் வாய்க்கால் நீரும் வழங்கப்பட்டது உண்மை. கணக்கேட்டை மட்டும் பார்ப்பவர் அவர்கள் இலாபமடைந்ததாகவே தீர்மானிப்பார். காட்டுக்குள் நுழையும் பாத்தியதையும், தேன் எடுக்கும் பருவமும், மூதாதையர் ஆவிகளுக்குச் சடங்கு செய்யும் இடமும் அந்த ஏட்டின் எந்தப் பத்தியிலும் இடம்பெறவில்லை. உரித்தை மாத்திரம் எண்ணாதே, அனுபோகத்தையும் எண்ணு என்பதை எனக்கு உணர்த்தியது தம்பானை. இந்தப் பாடத்தைத் தோட்டத்து லயங்களிலும் நக்கிள்ஸ் அடிவாரத்திலும் நான் மீண்டும் மீண்டும் பிரயோகிக்க நேர்ந்தது.

சட்டம் இல்லாத தேசமல்ல எங்களுடையது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டு, சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயமாக்கப்பட்டது. 1993 ஜூன் மாத வர்த்தமானி எந்தெந்த வேலைகளுக்கு அது வேண்டும் என்று வரையறுத்தது. ஒரு ஹெக்டயருக்கு மேற்பட்ட காட்டை வேறு தேவைக்கு மாற்றுதல், 100 குடும்பங்களுக்கு மேல் இடம் பெயர்த்தல், 10 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பெருவீதி அமைத்தல் ஆகியன அப்பட்டியலில் அடங்கும். மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு 30 நாட்கள் திறந்து வைக்கப்பட வேண்டும். இவை நல்ல விதிகள். ஆயினும் நான் கண்காணித்த வேலைகளுள் ஏறக்குறைய யாவும் இந்த எல்லைக் கோட்டுக்குக் கீழே நின்றவை. நான்கு கிலோமீற்றர் வீதிக்குப் பொதுவாக எந்தச் சட்டமும் அறிக்கை கேட்பதில்லை. அதன் ஓரத்து மண்சரிவும் சட்டத்தைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. சட்டம் மௌனமாக இருக்கும் அந்த இடத்திலேதான் கள உத்தியோகத்தருடைய கடமை ஆரம்பமாகிறது.

இரத்தோட்டைப் பக்கத்திலே ஒரு தோட்டப் பாதையை அகலமாக்கிக் கொங்கிரீட் இடும் வேலை நடந்தது. ஆஸ்பத்திரிக்கு நோயாளியைத் துணித் தொட்டிலில் சுமந்து வந்த ஜனங்களுக்கு அப்பாதை உயிர்நாடியானது; அதை விரும்பாதவர் ஒருவரும் இல்லை. பெக்கோ இயந்திரம் மேற்புறத்து மண்ணை வெட்ட, வெட்டிய மண் மறுபுறமாகப் பள்ளத்தை நோக்கித் தள்ளப்பட்டது. வேலை மதிப்பீட்டிலே மண்ணை ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டுவதற்கென எழுதப்பட்டிருந்த தொகை லொறியின் டீசலுக்கும் போதாது. ஆகவே மண்ணைத் தள்ளுவதே வழக்கமாயிற்று. பாதையில் நின்று பார்த்தவர்களுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. நான் தேயிலை மலைக்குள் இறங்கிக் கானோரமாக நடந்து கீழே போனபோது, சரிவின் அடியில் லயத்தாருடைய பீலிக்கரை இருந்தது. பாறை இடுக்கிலிருந்து மூங்கில் வழியே விழுந்த நீரிலே ஒரு மூதாட்டி குடம் வைத்துக்கொண்டிருந்தார். குடத்தின் வாயில் ஒரு சேலைத் துண்டை நான்காக மடித்துக் கட்டியிருந்தார்; அத்துணியின் மேல் செம்மண் பசைபோலப் படிந்திருந்தது. அதை அவர் அவிழ்த்து, உதறி, அலசி, மறுபடி கட்டிக்கொண்டே என்னிடம் பேசினார்.

"மேல மண்ணு தள்ளுறதுலருந்து இப்பிடித்தானுங்க ஐயா. இன்னும் மழ புடிக்கல. ஐப்பசி மழ புடிச்சா பீலியே இருக்காதுங்க."

"இத மேல யார்கிட்டயும் சொன்னீங்களா அம்மா?"

"யார்கிட்டங்க சொல்றது? ரோட்டு எல்லாத்துக்கும் நல்லதுன்னு சொல்றாங்க. நல்லதுதான். நாம வாயத் தொறந்தா ரோட்ட நிப்பாட்டிப்புடுவாங்கன்னு புள்ளைங்க பயப்படுதுங்க."

அந்த மூதாட்டி சொன்ன பயத்தை நான் பிற்காலத்தில் எல்லா ஊர்களிலும் கண்டேன். வெகுகாலம் ஒன்றும் கிடைக்காதிருந்த ஜனங்கள், கிடைக்கும் ஒன்றைக் குறைகூறினால் அதுவும் போய்விடும் என்று எண்ணி மௌனமாகிறார்கள். அந்த மௌனத்தை மேலே இருப்பவர் சம்மதம் என்று ஏட்டில் பதிகிறார். அங்கே வேலையைச் சில நாட்கள் நிறுத்தி, தோட்ட நிருவாகத்தோடு பேசி, கைவிடப்பட்ட தேயிலை மலையொன்றில் மண் கொட்டுவதற்குத் தட்டையான இடம் பெற்று, அதன் அடியில் கல்லணை கட்டி, ஏற்றுக்கூலிக்குத் தனியாகப் பணம் ஒதுக்குவித்தோம். பீலிக்கு மேலே தள்ளப்பட்டிருந்த மண்ணை லயத்து இளைஞரே நாட்கூலிக்கு அள்ளினார்கள். அன்று முதல் ஒரு நியமத்தை என் கீழ் வேலை பழக வந்த ஒவ்வொருவருக்கும் விதித்தேன்: போகும்போது வீதியோரமாகப் போ, திரும்பும்போது கீழ்ப்புறமாகத் திரும்பு. மேலே நடந்து மேலேயே திரும்பியவருடைய அறிக்கையில் நான் கையொப்பமிட்டதில்லை.

நீரைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஊற்று நீரைக் குழாயில் இறக்கும் திட்டங்களிலே, ஊற்றின் அளவைப் பெரும்பாலும் வேலை தொடங்கும் அவசரத்திலே, மழைக்காலத்தின் கடைசியிலே எடுப்பார்கள். அப்போது எல்லா ஊற்றும் தாராளமாகவே இருக்கும். ஒரு வாளியும் கைக்கடிகாரமும் போதும்: வாளி நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்தால் நீரின் அளவு தெரிந்துவிடும். ஆனால் அதை ஆவணி மாதத்துக் கடும் வெயிலிலே, மழை பெய்து பல வாரம் கழிந்த பிறகு, செய்ய வேண்டும். ஒரு மலையோடையில் மேலே இரண்டு தோட்டப் பிரிவுகளும் கீழே ஒரு சிங்களக் கிராமமும் நீர் எடுத்தன. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு உதவியமைப்புகளின் பணத்தில், ஒன்றுக்கொன்று தெரியாமல் போடப்பட்ட குழாய்கள் அவை. தனித்தனியே எதுவும் பெரிதன்று. எல்லாம் சேர்ந்தபோது கீழ்க்கிராமத்து வயலின் வாய்க்கால் சிறுபோகத்தில் வரண்டது. நீரை எடுத்தவர் தமிழர், இழந்தவர் சிங்களவர் என்று அந்தப் பிணக்கு வேறொரு முகம் கொள்ளத் தொடங்கியதைக் கண்டு நான் அஞ்சினேன்.

இரு பக்கத்து முதியோரையும் ஒருநாள் காலையில் ஊற்றடிக்கே அழைத்துப் போனோம். கிராமத்து வயல் தலைவர் வாளியைப் பிடித்தார். தோட்டத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். காகிதத்தில் நாங்கள் எழுதிக் காட்டியிருந்தால் இரு சாராரும் நம்பியிருக்க மாட்டார்கள். தங்கள் கையால் அளந்த நீரை எவரும் மறுக்கவில்லை. இரவில் ஓடையின் நீர் முழுவதும் வயலுக்கும், பகலில் தாங்கிகளுக்கும் என்று முறை வகுத்து, மேலே ஒரு சேமிப்புத் தாங்கி கூடுதலாகக் கட்டி, திறப்பைப் பாதுகாக்க இரு பக்கத்திலிருந்தும் ஒவ்வொருவரை நியமித்தார்கள். சிறு வேலைகள் ஒவ்வொன்றாகப் பரிசீலிக்கப்படும் வரையில் அவற்றின் கூட்டுப் பலன் எவருடைய பொறுப்பிலும் வராது என்பதை அங்கே கண்டேன். ஒரு வீதியையோ ஒரு குழாயையோ ஆராய்வதைக் காட்டிலும், ஓர் ஓடையை அதன் தலையிலிருந்து வால் வரை ஆராய்வதே மலைநாட்டுக்குப் பொருத்தமான முறை.

மலசலகூடங்களிலும் இதே நியாயம்தான். கிணற்றுக்கோ ஊற்றுக்கோ 50 அடி தள்ளிக் குழி தோண்டு என்பது பொதுவான கட்டளை. தட்டை நிலத்துக்கு அது ஓரளவு போதும். சரிவிலே, குழி மேலேயும் ஊற்று கீழேயும் இருந்தால், 50 அடியும் பாறைப் பிளவின் வழியே ஒரு மழைக்குள் கடந்துபோகும் தூரம். லயத்தின் பின்புறத்து மேட்டிலே இடம் இருக்கிறது என்பதற்காக வரிசையாகக் குழிகள் தோண்ட வந்தவர்களிடம், கீழே போய் எத்தனை பீலி இருக்கிறது என்று பார்த்து வரும்படி சொல்வதே என் முதல் வேலையாக இருந்தது.

காணி விஷயத்துக்கு வருகிறேன். 2014 முதல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு எங்கள் மத்திய மாகாணத்திலும் வேறு சில மாகாணங்களிலும் கிராமிய வீதிகள் பெருமளவில் திருத்தப்பட்டன. இருக்கிற வீதி எல்லைக்குள்ளேயே வேலை செய்வது, காணி சுவீகரிப்பதில்லை, ஓரிரு அடி தேவைப்பட்டால் உரியவர் மனமுவந்து கொடுத்தால் மட்டும் ஏற்பது என்பவை அத்தகைய வேலைகளின் அடிப்படை விதிகள். மனமுவந்து என்ற நிபந்தனையைக் காப்பதே இத்தொழிலின் மிகக் கடினமான பகுதி. ஊர்க்கூட்டத்திலே, விகாரையின் மண்டபத்திலே, எல்லோரும் பார்த்திருக்கக் கையொப்பத் தாள் சுற்றி வருகிறது. முதலில் கையொப்பமிடுபவர் ஊரில் செல்வாக்குள்ளவர். அவருக்குப் பின் மறுப்பதற்கு எவருக்குத் துணிவு வரும்?

ஒரு கிராமத்தில் இவ்வாறு கையொப்பமிட்ட ஒரு விதவைத் தாயாரை அடுத்த நாள் அவருடைய வீட்டில் சந்தித்தேன். வீதியோரத்து மூன்றடி நிலத்தைக் கொடுத்திருந்தார். அந்த மூன்றடியில் கிளிரிசீடியாக் கம்புகளில் படர்ந்த மிளகுக்கொடிகள் ஒரே வரிசையாக நின்றன. அவருக்கு வேறு மிளகு இல்லை. மிளகு நட்டால் காய்ப்புக்கு மூன்று வருடம் போக வேண்டும். "ஊருக்குப் பாதை வேண்டும் மாத்தையா, நான் எப்படி மறுப்பேன்" என்று சிங்களத்தில் சொன்னாரே தவிர, கொடிகளைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. அவற்றின் இலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தத் தாளை நாங்கள் ஏற்கவில்லை. அவருடைய வேலி நீளத்துக்கு வீதியை ஒன்றரை அடி ஒடுக்கி, எதிர்ப்புறத்து வடிகாலை மூடிய வடிகாலாக மாற்றி, வாகனங்கள் விலகுவதற்குச் சற்றுத் தள்ளி ஓரிடம் அமைத்தார் பொறியியலாளர். செலவு அதிகமாகவில்லை, சிந்தனை கொஞ்சம் அதிகமாயிற்று. சம்மதத்தைக் கூட்டத்தில் கேட்கலாம். ஆனால் அதை வீட்டிலே, தனியாக, ஓர் இரவு யோசிக்க விட்டே பெற வேண்டும். ஊர்ச் சங்கத்தைச் சேராத ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும்.

தோட்டங்களிலே இந்தச் சம்மதம் இன்னொரு விதமாகத் தவறிப்போகும். காணி தோட்டத்துடையது, ஆகவே துரை ஒரு கடிதம் கொடுத்தால் காரியம் முடிந்தது என்று எண்ணுவார்கள். ஆனால் லயத்தின் பின்னால் மரக்கறிப் பாத்தியும் மாட்டுக்கொட்டிலும் வைத்திருப்பவர் துரையல்ல. 2001இல் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட தேசிய மீள்குடியேற்றக் கொள்கை, காணிக்கு உறுதிப் பத்திரம் இல்லாதவர்களும் நியாயமாக நடத்தப்பட வேண்டும் என்று தெளிவாகக் கூறுகிறது. அந்த ஒரு வாசகத்தை நான் எத்தனையோ மேசைகளில் வாசித்துக் காட்டியிருக்கிறேன். கொட்டிலை இடித்தால் கொட்டில் கட்டித் தர வேண்டும். பாத்தியை மூடினால் அறுவடை வரை பொறுக்கவோ அதன் கிரயத்தைத் தரவோ வேண்டும். கூட்டத்தையும் காலைப் பெரட்டுக் களத்திலே நடத்திவிட்டு வந்தால் போதாது. கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் வீடு திரும்பும் மாலை நேரத்தில், லயத்து முற்றத்தில், கணக்கப்பிள்ளையும் துரையும் இல்லாதபோது அதை நடத்தினால்தான் பீலியும் பாத்தியும் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் ஒற்றையடிப் பாதையும் பேச்சில் வரும்.

இத்துறையில் நான் கண்ட மாற்றங்களுள் மிகப் பெரியது தோட்டத்தின் சட்ட நிலையில் வந்த மாற்றமே. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின்படி, தோட்டக் காணிக்குள் பிரதேச சபை தன் பணத்தைச் செலவிடத் தடை இருந்தது. வாக்களித்து உறுப்பினரை அனுப்பிய ஜனங்களுக்கு அச்சபையால் ஒரு மதகும் கட்ட இயலாதிருந்தது. 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. அதே வருடம் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையும் சட்டத்தால் நிறுவப்பட்டது. சொந்தக் காணியும் தனிவீடும் என்ற ஏற்பாடு, மெதுவாகவேனும், லயத்து வாழ்வுக்கு ஒரு முடிவைக் காட்டுகிறது. இங்கும் கீழ்ப்புறத்தின் நியாயத்தை மறத்தலாகாது. தேயிலைக்கு உதவாத சரிவையே வீட்டுக்கு ஒதுக்கும் பழைய பழக்கம் புதிய வீட்டிலும் தொடருமானால், லயத்தின் ஆபத்து தனிவீட்டுக்குக் குடிபெயர்ந்ததாகவே முடியும். 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலச்சரிவு அனுமதி இல்லாமல் ஓர் அத்திவாரமும் வெட்டலாகாது என்பதை நான் சட்டமாக அன்றி விரதமாகவே கைக்கொண்டேன்.

வேலை பெரிதானாலும் மறக்கப்படுபவை அதே சிறிய விஷயங்கள்தான். 2007இல் ஆரம்பிக்கப்பட்ட மொரகஹகந்தை - களுகங்கை நீர்த்தேக்கத் திட்டம் எங்கள் மாவட்டத்தின் முகத்தையே மாற்றியது. அம்பன்கங்கையில் 50 கோடி கனமீற்றருக்கு மேல் நீர் கொள்ளும் மொரகஹகந்தையும், ஏறக்குறைய 25 கோடி கனமீற்றர் கொள்ளும் களுகங்கையும் வடமத்திய வயல்களின் தாகத்தைத் தீர்க்க எழுந்தன. லக்கலைப் பழைய பட்டினம் நீருக்குள் போயிற்று. 2018இல் புதிய லக்கலை நகரம் திறக்கப்பட்டது. அகலமான வீதி, புதிய பாடசாலை, ஆஸ்பத்திரி எல்லாம் வந்தன. இடம் பெயர்ந்தவர்களோடு பேசும்போது அவர்கள் இவற்றைக் குறைத்துப் பேசியதில்லை. அவர்கள் விசாரப்பட்டவை வேறு: பழைய வளவின் பலாவும் கமுகும் நிழல் தர எத்தனை வருடம் செல்லும், ஒரே களத்தில் சூடடித்த குடும்பங்கள் இப்போது எங்கெங்கே இருக்கின்றன, தேவாலயத்துப் பெரஹராவில் இன்ன வீட்டார் இன்ன கடமை செய்வர் என்ற முறை இனி யாரால் நடக்கும். நட்டஈட்டுப் பட்டியலிலே மரத்துக்கு விலை உண்டு. அயலுக்கு விலை இல்லை. ஆகவே அயலவரை அயலவராகவே குடியேற்றுவதுதான் அந்த நட்டத்துக்குரிய ஒரே ஈடு என்பதை, இடம் ஒதுக்கும் சீட்டு எழுதுமுன் திட்டமிடுவோர் அறிந்திருக்க வேண்டும்.

சுற்றாடலைக் காப்பதற்கென்று செய்யப்படும் காரியங்களுக்கும் சமூகத் தாக்கம் உண்டு என்பதை நக்கிள்ஸ் கற்பித்தது. 3,500 அடிக்கு மேற்பட்ட காட்டில் ஏலம் பயிரிடுவது 1980களின் நடுப்பகுதியில் தடைசெய்யப்பட்டது. 2000ஆம் ஆண்டில் நக்கிள்ஸ் காடு பாதுகாக்கப்பட்ட வனமாயிற்று. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. ஏலத்துக்காகக் கீழ்ச்செடிகளை வெட்டியதாலும் உலர்த்தும் சூளைகளுக்கு விறகு தறித்ததாலும் காடு நலிந்ததை நான் நேரில் கண்டவன். தடையின் நியாயத்தை மறுக்கவில்லை. ஆனால் ஏலக்காட்டில் கூலிக்குப் போன அடிவாரத்து ஜனங்களுக்கும் தோட்டத்து ஜனங்களுக்கும் அதன் இடத்தில் என்ன கொடுக்கப்பட்டது என்ற கேள்வி நெடுங்காலம் பதிலின்றி நின்றது. காட்டைக் காப்பாற்றியவர், காட்டை நம்பியிருந்தவரையும் தம் கணக்கில் சேர்த்திருந்தால், அந்த அடிவாரத்தார் காட்டின் முதற் காவலராக இருந்திருப்பார்கள்.

இன்று இத்துறையின் கருவிகள் பெருகிவிட்டன. வானிலிருந்து படம் எடுக்கிறார்கள்; கைப்பலகையிலே வீட்டு விபரம் பதிகிறார்கள்; ஒவ்வொரு திட்டத்துக்கும் குறைகேள் குழு உண்டு. 2018 முதல் நடைமுறைக்கு வந்த உலக வங்கியின் சுற்றாடல், சமூகச் சட்டகம், பழங்குடியினர் விஷயத்தில் சுதந்திரமானதும் முன்கூட்டியதும் விபரமறிந்ததுமான சம்மதத்தைக் கேட்கிறது. முறைப்பாட்டுப் படிவங்கள், முன்பெல்லாம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் வந்த நிலைமை மாறி, தமிழிலும் அச்சாகின்றன. இவை யாவும் எங்கள் தலைமுறை ஏங்கிய அநுகூலங்கள். எனினும் வானிலிருந்து எடுத்த படத்தில் பீலி தெரியாது. குறைகேள் பெட்டி தோட்டக் காரியாலயத்தின் வாசலில் தொங்கினால், துரையின் ஜன்னலுக்கு எதிரே நின்று அதில் கடிதம் போட எவரும் வர மாட்டார். பெட்டியைப் பிள்ளைக்காம்பராவின் சுவரிலே மாட்டுங்கள். தாய்மார் தினமும் இரு முறை வந்து போகும் இடம் அது.

இளைய உத்தியோகத்தருக்கும், திட்டங்களுக்குப் பணம் ஒதுக்குவோருக்கும் என் அனுபவத்தின் சாரமாக மூன்று காரியங்களைச் சொல்லுவேன். முதலாவது, வெட்டிய மண்ணை ஏற்றி இறக்கும் செலவையும் கீழ்ப்புறத்து வடிகாலின் செலவையும் மதிப்பீட்டிலே தனி வேலையாக, உண்மையான விலையோடு எழுதுங்கள். பணம் எழுதப்படாத நல்லெண்ணம் சரிவில் நிற்காது. இரண்டாவது, பாதிக்கப்படுவோர் பட்டியலைக் காணி ஏட்டிலிருந்து தொடங்காமல், கீழ்ப்புறத்தில் நீர் எடுப்பவர், நடப்பவர், பயிரிடுபவர் என்ற வரிசையில் தொடங்குங்கள். உறுதி இருக்கிறதா என்ற கேள்வி கடைசிப் பத்தியில் வரட்டும். மூன்றாவது, ஒப்பந்தக்காரரின் கொடுப்பனவில் நிறுத்தி வைக்கப்படும் பங்கை, வேலை முடிந்த பின் வரும் முதலாவது ஐப்பசி, கார்த்திகை மழை கழிந்து, கீழ்ப்புறத்தார் முன்னிலையில் இடம் பார்வையிடப்பட்ட பிறகே விடுவியுங்கள். திறப்பு விழாவிலே நாடா வெட்டும்போது வீதி நன்றாகத்தான் இருக்கும். அது நல்ல வேலையா என்பதை ஒரு மழைக்காலம் கண்ட பீலிக்காரரே சொல்லத் தகுந்தவர். அவருடைய கையொப்பம் இல்லாமல் ஒரு கிராமிய வேலை நிறைவேறியதாகக் கொள்ளலாகாது என்ற விதி எங்கள் மாவட்டத்திலேனும் ஏற்படுத்தப்பட வேண்டும். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, ஒப்பந்தப் பத்திரத்தில் ஒரு வரி போதும்.